தோற்கடித்த ஊர் அழுத நாள்

(மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவன்)

1975ஆம் வருஷம் அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி, லீவு நாள். சென்னை தியாகராய நகரில் திருமலைப் பிள்ளை ரோட்டில் ஒரு வாடகை வீடு. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கொஞ்சம் படுத்தார் ஒரு பெரியவர். வயது 72. உடம்புக்கு ஒருமாதிரி இருக்கிறது என்று டாக்டரைக் கூப்பிடச் சொன்னாராம், விளக்கை அணைத்துவிட்டுப் போகச் சொன்னாராம். டாக்டர் வந்து பார்க்கும்போது உயிர் இல்லை. மாரடைப்பு.

அந்தப் பெரியவர் யாரென்று உங்களுக்குத் தெரியும் நண்பர்களே. பெருந்தலைவர் காமராஜர். அவருடைய வாழ்க்கையை ஒன்றாம் வகுப்பிலிருந்து பாடத்தில் படித்துவிட்டோம், ஜூலை 15 வந்தால் பேச்சுப் போட்டி, சோப்பு டப்பா பரிசு. இந்த மலரிலும் அதையே எழுதினால் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். எனக்கு வேறு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக இருந்தது. 1967 தேர்தலில் இதே மனிதரைச் சொந்த ஊரான விருதுநகரே தோற்கடித்தது. எட்டு வருஷம் கழித்து அவர் செத்தபோது அதே ஜனங்கள் வீட்டில் அடுப்பைப் பற்றவைக்காமல் அழுதார்கள். இது எப்படி? தோற்கடித்தது பொய்யா, அழுதது பொய்யா? இதற்குப் பதில் தேடித்தான் நூலகத்திலும் வீட்டுத் திண்ணையிலும் கொஞ்ச நாள் அலைந்தேன்.

எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கம். அப்பத்தாவுக்கு 1975ல் கல்யாணமாகி ஒரு வருஷம்தான். அப்போது வீட்டுக்கு வீடு ரேடியோ கிடையாது. சாவடிக்குப் பக்கத்தில் பஞ்சாயத்து ரேடியோ, கம்பத்தில் ஒரு குழாய் கட்டியிருக்கும். சாயங்காலம் அதில் பாட்டு இல்லாமல் சோகமான வாத்தியம் மட்டும் போய்க்கொண்டே இருந்ததாம். யாரோ பெரிய ஆள் போயிட்டாங்க என்று புரிந்துவிட்டது. யாரென்று தெரிந்ததும் தீப்பெட்டி ஆபீசில் இருந்து வந்த பெண்கள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று அப்பத்தா சொல்லுச்சு. ஆம்பளைகள் சிலர் மறுநாளே மொட்டை போட்டுக்கொண்டார்கள். தன்னைப் பெற்ற அப்பன் செத்தால் எடுக்கிற மொட்டை! பதினாறாம் நாள் காலண்டரில் இருந்த படத்தை வெட்டி எடுத்து, மாலை போட்டு, காரியமும் செய்திருக்கிறார்கள். அப்பத்தாவின் அப்பாவும் மொட்டை போட்டவர்களில் ஒருவர். ஆனா பாருங்க, 1967ல் அவர் ஓட்டுப் போட்டது உதயசூரியனுக்கு!

சரி, கதைக்கு வருவோம்.

1903 ஜூலை 15ல் விருதுபட்டியில் பிறந்தார். அதுதான் பிறகு விருதுநகர் ஆனது. அப்பா குமாரசாமி, அம்மா சிவகாமி அம்மாள், ஒரே தங்கை நாகம்மாள். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று வைத்தார்கள், அம்மா ராஜா என்று கூப்பிட, இரண்டும் சேர்ந்து காமராஜ். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். படித்தது சத்திரிய வித்தியாசாலை. வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி வாங்கி ஊர்க்காரர்களே நடத்திய பள்ளிக்கூடம் அது. பிடி அரிசியில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கும் என்பதைச் சின்னப் பையனாக இருந்தபோதே பார்த்தவர், முதலமைச்சரானதும் அரிசி போட்டுப் பள்ளிக்கூடம் நடத்தியதில் ஆச்சரியம் என்ன?

பன்னிரண்டு வயதுக்குள் படிப்பு நின்றுவிட்டது. மாமா ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. கடையில் உட்கார வைத்தால் ஊர்வலம் போகிறான் என்று திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கேயிருந்து வைக்கம் சத்தியாக்கிரகத்துக்குப் போனார். நாய் நடக்கலாம், மாடு நடக்கலாம், தாழ்த்தப்பட்டவன் நடக்கக் கூடாது என்று கோயிலைச் சுற்றியிருந்த தெருவுக்காக நடந்த போராட்டம் அது. வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கினார்கள், வேண்டாம் என்றவர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1930ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதாகி அலிப்பூர் சிறை. அதற்குப் பிறகு சிறை என்பது அவருக்கு மாமியார் வீடு மாதிரி ஆகிவிட்டது. எல்லாம் கூட்டினால் சுமார் ஒன்பது வருஷம்! நம் டிப்ளமோவை மூன்று தடவை முடித்துவிடலாம். (அரியர் இல்லாமல்!) இதில் ஒரு சம்பவம் எனக்குப் பிடித்தது. 1941ல் ஜெயிலுக்குள் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விடுதலையாகி வந்ததும் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். முழு நேரமும் பார்க்க முடியாத வேலையைப் பெயருக்கு வைத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

1940ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். 1954 ஏப்ரல் 13, சித்திரைப் பிறப்பன்று முதலமைச்சர். அவரை எதிர்த்துத் தலைவர் தேர்தலில் நின்றவர் சி.சுப்பிரமணியம், அவரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். இரண்டு பேரையும் தன் மந்திரிசபையிலேயே சேர்த்துக்கொண்டார். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் இந்து அறநிலையத் துறையைக் கொடுத்தார். கொஞ்ச காலம் முன்புவரை கோயிலுக்குள்ளேயே விடாத ஜனத்தில் இருந்து வந்தவரைக் கோயில் வாசலில் பூரண கும்பம் வைத்துக் கூப்பிட வேண்டிய நிலைமை! இதைப் பற்றி மேடையில் யாரும் அதிகம் பேசுவதில்லை, ஏனோ.

குலக்கல்வித் திட்டத்தை ஒழித்ததும், மூடிக் கிடந்த ஆறாயிரம் பள்ளிக்கூடங்களைத் திறந்ததும், 1956ல் மதிய உணவு வந்ததும் எல்லோருக்கும் தெரியும். மாடு மேய்க்கும் பையன் கதையையும் நூறு மேடையில் கேட்டிருப்பீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். அப்பத்தா கதையை மட்டும் சொல்கிறேன். அப்பத்தா பள்ளிக்கூடம் போனது எழுத்துக்காக இல்லை, சோற்றுக்காக. இதை ஒளிக்காமல் சொல்லும். நாலாம் வகுப்பு வரை போனது, பிறகு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போய்விட்டது. ஆனால் அந்த நாலு வருஷத்தில் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் கற்றுக்கொண்டது. என் அப்பா எட்டாவது. நான் டிப்ளமோ. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பள்ளிக்கூட அண்டாவில் கொதித்த சோறு எங்கள் வீட்டில் மூன்றாவது தலைமுறையில்தான் டிராஃப்டர் ஆனது. இதை நினைக்கும்போது அந்தத் திட்டத்தின் பலனை அடுத்த தேர்தலுக்குள் எண்ணிப் பார்க்க முடியாது என்று தோன்றுகிறது.

நம் ஆட்களுக்கு இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். கிண்டி தொழிற்பேட்டை 1958ல் வந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப்., நெய்வேலி சுரங்கம், திருச்சி பெல், ஊட்டி பிலிம் தொழிற்சாலை என்று எல்லாம் அவர் காலத்தில் தொடங்கியவை, அல்லது அடிக்கல் போட்டவை. இவற்றில் பல டெல்லி சர்க்காருடையதுதான், ஊட்டி பிலிம் தொழிற்சாலையை மூடியும் விட்டார்கள். ஆனாலும் அந்த இடத்தை இங்கே பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அவரும் அவருடைய தொழில் மந்திரி ஆர்.வெங்கட்ராமனும். அப்ரண்டிஸ் டிரெயினிங்குக்கு நம் சீனியர்கள் எங்கெங்கே போகிறார்கள் என்று போர்டில் பாருங்கள், பாதி ஊர்ப் பெயர் இதில் இருக்கும். வைகை, சாத்தனூர், மணிமுத்தாறு, கிருஷ்ணகிரி அணைகளும் அந்த ஒன்பது வருஷத்துக்குள்தான். சிவில் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் டூர் போய் போட்டோ எடுக்கும் இடங்கள்!

1963 அக்டோபர் 2ல் முதலமைச்சர் பதவியைத் தானாகவே விட்டார். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்ற அவருடைய யோசனைக்குத்தான் காமராஜ் திட்டம் என்று பெயர். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு உட்கார்ந்துகொள்ளாமல் முதலில் தன் நாற்காலியை விட்டார். அந்தத் தேதியைக் கவனியுங்கள்: அக்டோபர் 2. அதே தேதியில்தான் பன்னிரண்டு வருஷம் கழித்து உயிரும் போனது. பிறகு அகில இந்திய காங்கிரஸ் தலைவர். 1964ல் நேரு இறந்ததும் சாஸ்திரியையும், 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்ததும் இந்திரா காந்தியையும் பிரதமராக்கியதில் அவர் கைதான் பெரிய கை. தானே பிரதமராகலாமே என்று கேட்டவர்களுக்குச் சம்மதிக்கவில்லை.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். 1967ல் ஏன் தோற்றார்?

இதில் நம் மாதிரி மாணவர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1965 ஜனவரியில் இந்தியை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அப்போது முதலமைச்சர் பக்தவத்சலம். துப்பாக்கிச் சூடு நடந்தது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் உயிரிழந்தார், தீக்குளித்தவர்களும் உண்டு. காமராஜர் அப்போது கட்சியின் தேசியத் தலைவர். மாணவர் பக்கம் நின்று தன் கட்சி ஆட்சியை அவர் உரக்கக் கண்டித்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்தக் கோபம் ஒரு பக்கம். மழை பொய்த்து அரிசி விலை ஏறி, ஜனம் ரேஷன் கடையில் கால் கடுக்க நின்றது இன்னொரு பக்கம். ரூபாய்க்குப் படி அரிசி என்று தி.மு.க. சொன்னது. விருதுநகரில் காமராஜரை எதிர்த்து நிறுத்தப்பட்டவர் பெ.சீனிவாசன், மாணவர் தலைவராக இருந்த இளைஞர். முடிவு வந்தபோது வித்தியாசம் 1285 ஓட்டு.

அப்பத்தாவின் அப்பாவுக்குக் காமராஜர் மேல் கோபமே கிடையாதாம். அரிசி விலையின் மேல்தான் கோபம். ஓட்டு என்பது அரிசிக்கு, மனுசனுக்கு இல்லை என்பது அவருடைய கணக்கு. நான் முதலில் இதை ஒரு சமாளிப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், ஜனநாயகம் என்று பாலிடிக்ஸ் புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதியிருப்பதை அந்தப் படிக்காத மனுசன் புரிந்துவைத்திருந்தார் என்று பட்டது. தலைவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஜனங்களைத் திட்டவில்லை, ஓட்டு எண்ணியதில் தில்லுமுல்லு என்று புலம்பவில்லை.

தோல்வி அதோடு நிற்கவில்லை. 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். ஆனால் அதே வருஷம் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. அவர் பிரதமராக்கிய இந்திரா காந்தி ஒரு பக்கம், அவர் இன்னொரு பக்கம். 1971 தேர்தலில் அவருடைய கட்சிக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த நாடாளுமன்றத் தொகுதி ஒன்றே ஒன்று. அவருடைய நாகர்கோவில்தான். 1975 ஜூன் 25ல் அவசரநிலைப் பிரகடனம். ஜெயப்பிரகாஷ் நாராயணன், மொரார்ஜி தேசாய் முதல் எத்தனையோ பேர் ஜெயிலில். பத்திரிகைக்குத் தணிக்கை. சுதந்திரத்துக்காக ஒன்பது வருஷம் ஜெயிலில் இருந்த மனிதர், சுதந்திர நாட்டில் கூடவே இருந்தவர்கள் ஜெயிலுக்குப் போவதைப் பார்த்தார். அந்த மூன்று மாதத்தில் அவர் உள்ளுக்குள் உடைந்துபோனார் என்று சொல்வார்கள்.

ஆக, 1975 அக்டோபரில் செத்தவர் பதவியில் இருந்த தலைவர் இல்லை. பன்னிரண்டு வருஷமாக அவரிடம் சர்க்கார் நாற்காலி கிடையாது. அவர் கட்சி தேய்ந்துபோயிருந்தது. அவருக்காக அழுதால் யாருக்கும் கான்ட்ராக்ட் கிடைக்காது, வேலை கிடைக்காது. அப்படியும் லட்சக்கணக்கில் ஜனம் வந்தது. அந்த அழுகையை நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

உடல் ராஜாஜி ஹாலில் வைக்கப்பட்டது. ரொம்ப காலம் ராஜாஜி ஒரு கோஷ்டி, காமராஜர் ஒரு கோஷ்டி. ராஜாஜி 1972 டிசம்பரில் இறந்தார். கடைசியில் அவர் பெயர் வைத்த கட்டிடத்தின் படிக்கட்டில்தான் காமராஜரை ஜனங்கள் பார்த்தார்கள். 1969 பிப்ரவரியில் அண்ணா கிடத்தப்பட்டதும் அங்கேதான். நம் தமிழ்நாட்டு அரசியல் சண்டை எல்லாம் அந்த ஹாலில் வந்துதான் படுத்துத் தூங்குகிறது போல.

முதலமைச்சர் அப்போது கலைஞர் கருணாநிதி. மேடைக்கு மேடை காமராஜரோடு மோதிய கட்சியின் தலைவர். அவர்தான் முன்னின்று எல்லா ஏற்பாட்டையும் கவனித்து, அரசு மரியாதையோடு அடக்க காரியங்களை நடத்தினார். கிண்டியில் காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். காந்தி பிறந்த நாளில் போன காந்தியவாதிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடையாது. டெல்லியிலிருந்து பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தன்னைப் பிரதமராக்கி, பிறகு ஆறு வருஷம் தன்னை எதிர்த்து நின்ற மனிதரின் உடல் முன்னால் நின்றபோது அவர் மனசில் என்ன ஓடியிருக்கும்? இதை எழுதத் தெரிந்த கதாசிரியர் யாராவது நம் கல்லூரியில் இருந்தால் அடுத்த மலருக்கு எழுதுங்கள்.

ஜனங்கள் லாரியிலும் பஸ்சிலும் ரயிலிலும் வந்தார்கள். ராஜாஜி ஹாலில் இருந்து கிண்டி வரைக்கும் கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர். வழி நெடுகத் தலைகள். அவசரநிலைக் காலம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் பல பக்கங்களில் நாலு பேர் சேர்ந்து நின்று பேசவே பயந்த நேரம். அந்தக் கூட்டத்தில் கோஷத்தைவிட அழுகைதான் அதிகம். எங்கள் ஊரில் இருந்து சென்னை போகக் காசு யாரிடம் இருந்தது? பக்கத்து ஊர் ரைஸ் மில்காரர் ஒரு லாரி விட்டாராம். நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்பியிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சாம்பல் சூடு ஆறியிருந்ததாம். அந்த இடத்து மண்ணில் ஒரு பிடி வேட்டி முனையில் முடிந்து கொண்டுவந்து சாவடி வேப்பமரத்தடியில் போட்டார்கள் என்று அப்பத்தா சொல்லும். மொட்டை போட்டவர்களில் தலைவருடைய சாதிக்காரர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்டேன். எண்ணிப் பார்க்கவில்லை என்று சொல்லி என்னை ஒரு முறை முறைச்சுச்சு பாருங்க! இப்போது அவர் பெயருக்குப் பின்னால் சாதியைச் சேர்த்துப் போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் அந்த முறைப்பைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் போல இருந்தது.

போனவர் என்ன வைத்துவிட்டுப் போனார் என்பதும் அப்போது ஊர் முழுக்கப் பேச்சு. கையில் இருந்த பணம் நூற்றுச் சொச்சம் ரூபாய் என்பார்கள், கதர் வேட்டி சட்டை இத்தனை என்று எண்ணிச் சொல்வார்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். மாறாதது இதுதான்: சொந்த வீடு இல்லை, நிலம் இல்லை. ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தவர் வாடகை வீட்டில் செத்தார். அம்மா சிவகாமி அம்மாள் கடைசிவரை விருதுநகரில் பழைய வீட்டிலேயே இருந்தார், மகன் அனுப்பும் மாதப் பணத்தில் குடித்தனம். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பெற்ற தாயைக் கூட வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? சொந்தக்காரர்கள் கூட்டம் கோட்டைக்குள் வந்துவிடும் என்ற பயமாம். நியாயம்தான். ஆனாலும் அந்த அம்மாவின் பக்கத்தில் இருந்து பார்த்தால் அந்த நியாயம் கொஞ்சம் கனமானது.

அவர் இருந்த திசையைப் பார்த்து நின்ற கட்சி அவர் போன சில மாதத்தில் தடுமாறியது. 1976 தொடக்கத்தில் அவருடைய ஆட்கள் பெரும்பாலோர் மூப்பனார் தலைமையில் இந்திரா காங்கிரசில் சேர்ந்துவிட்டார்கள். அதே வருஷம் பாரத ரத்னா கொடுத்தார்கள், வாங்க ஆள் இல்லை. மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர், மெரினா ரோட்டுக்கு அவர் பெயர், 2000ல் கன்னியாகுமரியில் மணிமண்டபம், 2006ல் இருந்து பிறந்த நாள் கல்வி வளர்ச்சி நாள். ஊருக்கு ஊர் சிலைகள் வேறு. சிலைகளை நான் குறை சொல்லவில்லை, ஆனால் எங்கள் பஸ் ஸ்டாப் சிலைக்கு மேல் கூண்டு போட்டுப் பூட்டியிருப்பதைப் பார்க்கும்போது மனசு ஒருமாதிரி ஆகிவிடும். வாழ்ந்தபோது எந்த வாசலிலும் ஜனங்களைத் தடுக்காத மனுசன்.

தி.நகர் திருமலைப் பிள்ளை ரோட்டில் அந்த வாடகை வீட்டை அரசாங்கம் நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. போன வருஷம் அம்பத்தூருக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனபோது நானும் இரண்டு நண்பர்களும் சாரிடம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். போட்டோக்கள், அவர் பயன்படுத்திய சாமான்கள். எங்களைத் தவிர அன்றைக்கு அங்கே ஒரு வயதான அம்மா மட்டும்தான் இருந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார். ஒரு போட்டோவையும் நின்று பார்க்கவில்லை. நேராக உள்ளே போய்த் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எங்களிடம் டைம் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த செட் நண்பர்கள் சென்னைக்கு விசிட் போனால் தி.நகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கேளுங்கள், நடந்தே போய்விடலாம்.